சோறு போட்ட கை

குற்றாலத்து அருவிக்குள் தலையைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறவனுக்கு ஒரு பசி வரும் பாருங்கள், அந்தப் பசியை நான் வேறு எந்த ஊரிலும் கண்டதில்லை. தண்ணீர் பிடரியிலும் முதுகிலும் மாறி மாறி அறைந்து, குடலில் கிடந்ததையெல்லாம் கரைத்துக்கொண்டு போயிருக்கும். எண்ணெய் தேய்த்த உடம்பு கிடுகிடுவென்று ஆடும். பல் கிட்டும். காற்று மலையிலிருந்து சாரலை வாரி முகத்தில் அடிக்கும். அந்த நேரத்தில், ஈரத் துண்டோடு நிற்கிறவன் மூக்கில் எங்கிருந்தோ கறி கொதிக்கிற வாசனை ஏறிவிட்டால் அவ்வளவுதான். மிராசுதாரானாலும் கூலிக்காரனானாலும், யார் கடை, எவன் சமையல் என்று கேட்க மாட்டான். கால் அதுபாட்டுக்கு நடக்கும். இந்தப் பசியை நம்பி ஒரு மனிதர் தன் உயிரைப் பந்தயம் வைத்துக் கடை போட்டார். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் மூட்டை தூக்கி, லாரியில் கிளீனராகத் தொற்றி, டிரைவராகி, பிறகு சொந்த லாரி வாங்கி, இன்றைக்கு என் லாரி ஓடாத ரோடு இந்தப் பக்கத்தில் கிடையாது. படித்தவன் எவனும் எனக்கு வழி காட்டவில்லை. எல்லாம் இந்தக் கையும் இந்த வயிறும் சம்பாதித்தது. வயிறு என்று ஏன் சொல்கிறேன் என்றால், ரோட்டில் பிழைக்கிறவனுக்கு எங்கே நிறுத்திச் சாப்பிட வேண்டும் என்கிற அறிவுதான் முதல் அறிவு. ஊசிப்போன குழம்பைத் தின்றுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆரியங்காவு மலை வளைவில் வண்டியைத் திருப்பிப் பாருங்கள், அப்போது தெரியும். இன்றைக்கும் தென்காசி, குற்றாலம் போகிறவர்கள் என் வாசலுக்கு வந்து, "முதலாளி, எங்க சாப்பிடலாம்?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

நான் டிரைவராக இருந்த நாளில் தென்காசியில் காலைப் பலகாரத்துக்கு ரயிலடிப் பக்கம் ஒரு ஐயர் கடை உண்டு. இட்லி சுமார்தான். சாம்பாரை வாளியோடு குடிக்கலாம். பெரிய கோயில் கோபுரம் அப்போது மேல் பாதி இல்லாமல் மொட்டையாக நின்றது. அந்தத் தெருவில் ஒரு காபி கிளப். கோயில் வாசல் காற்று உள்ளே நுழைந்து டவராவில் நுரையைத் தூக்கிக்கொண்டு போகும். மத்தியானத்துக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாய் கடைத் தலைக்கறி. செங்கோட்டை தாண்டினால் ஒரு மலையாளத்துச் சேட்டன் கடையில் புட்டும் கடலையும் பால் விடாத கட்டன்சாயாவும். இதையெல்லாம் கண்ணைக் கட்டிவிட்டாலும் ருசியை வைத்தே இன்ன கடை என்று சொல்லியிருப்பேன். ஆனால் சீசன் தொடங்கிச் சாரல் விழுந்துவிட்டால் வேறு எந்தக் கடையிலும் நிற்க மாட்டேன். லாரியை நேரே குற்றாலத்துக்குத் திருப்பிவிடுவேன்.

பேரருவிக்குப் போகிற வழியில் கீற்றுக் கொட்டகை போட்ட சாப்பாட்டுக் கடை அது. நாலைந்து பெஞ்சு, பின்னால் இரண்டு அடுப்பு. கடைக்காரரை நாங்கள் அண்ணாச்சி என்போம். ஆள் கறுப்பு, குட்டை, கழுத்தே கிடையாது. அவர் மனைவி சமைப்பார்கள். நான் அவர்களை மதினி என்று கூப்பிடுவேன். சமையல் யார் செய்தாலும் பந்தியில் கரண்டி பிடிப்பது அண்ணாச்சி மட்டும்தான். வேறு ஒருவரைச் சோற்றுச் சட்டியில் கை வைக்க விட மாட்டார். வெறும் கையாலேயே சோற்றை அள்ளி இலையில் போடுவார். சூடு அந்தக் கைக்கு உறைக்காது. போடும்போதே வைவார். "தின்னுலே. தொட்டுத் தொட்டு நக்குத, ஒனக்கெல்லாம் என்ன கறி" என்பார். இலையில் மிச்சம் வைக்கக் கூடாது. மதுரைப் பக்கத்துக் காண்டிராக்டர் ஒருவர் கறியை ஒதுக்கிவிட்டு எழுந்தபோது, அவர் பிடரியைப் பிடித்து முகத்தை இலையிலேயே வைத்துத் தேய்த்துவிட்டார். பக்கத்துக் கடைக்கு ஆள் பிடிக்கிறவன் ஒருவன் இந்தக் கடை வாசலில் வந்து கத்தினான் என்று குழம்புக் கரண்டியால் வாயில் போட்டதில் முன்பல் இரண்டும் போய்விட்டது. அப்படியும் கூட்டம் குறையவில்லை. அந்த ருசி அப்படி.

என்னையும் முதல் நாள் அடிக்க வந்தார். கறி வேகவில்லை என்று நான் சொன்னேன். கறி வெந்துதான் இருந்தது, இந்த ஆள் என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று சொன்னேன். சட்டையைப் பிடித்துத் தூக்கினார். நான் மூட்டை தூக்கின உடம்பு. அவர் தலையைக் கொட்டகைக் கம்பத்தில் மோதினேன். அவர் முழங்காலால் என் அடிவயிற்றில் ஏற்றினார். இரண்டு பேரும் சேற்றில் உருண்டோம். என் புருவம் கிழிந்தது, அவர் மூக்கு உடைந்தது. மதினி ஒரு குடம் தண்ணீரை எங்கள் தலையில் கவிழ்த்து, "எந்திரிங்க ரெண்டு மாடும்" என்றார்கள். அண்ணாச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏலே டிரைவரு, ஒன்னிய மாதிரி ஒருத்தன் இதுக்கு முன்னால என் தலையில அடிச்சதில்லலே. இருந்து தின்னுட்டுப் போ" என்றார். அவரை மண்ணில் சாய்த்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் என்பதை இந்த இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அதற்குப் பிறகு, மழை அடித்து ஊத்துகிற ஒரு மத்தியானத்தில், கடையில் ஆள் இல்லாதபோது அவர் கதையைச் சொன்னார். ராயகிரிக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஊர். குளத்து மடையில் தண்ணீர் முறைக்குச் சண்டை. பங்காளி முறை ஆகிற ஒருவன் மடையை அடைத்துவிட்டுக் குறுக்கே நின்றிருக்கிறான். அண்ணாச்சி மண்வெட்டியை ஓங்கி ஒரே போடு. செத்தவனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்து, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி முடித்துவிட்டுத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாராம். பாளையங்கோட்டை ஜெயிலில் அடுப்படி வேலை. அங்கேதான் சமையல் படித்தார். வெளியே வந்ததும் ஊருக்குப் போகவில்லை. செத்தவனுக்கு ஒரு தம்பி இருந்தான். கொலை நடந்தபோது அரைஞாண் கயிற்றோடு ஓடித் திரிந்த பயல். அவனுக்கு மீசை முளைக்கட்டும் என்று வீட்டார் காத்திருப்பது அண்ணாச்சிக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் பகை என்று வந்துவிட்டால், பகையாளி வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். நாக்கு வறண்டு செத்தாலும் சரி. ஏனென்றால் ஒருவன் வீட்டில் கை நனைத்துவிட்டால், ஒரு வாய் சோறு தின்றுவிட்டால், பிறகு அந்த வீட்டுக்காரன் உயிரை எடுக்கக் கூடாது. எடுத்தால் சொந்த ஊரிலேயே அவனை மனிதனாக மதிக்க மாட்டார்கள். கோர்ட்டும் போலீசும் சொல்வதைவிட இதற்குத்தான் எங்கள் ஆட்கள் கட்டுப்படுவார்கள். அண்ணாச்சி இதை வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தார். "திருநவேலிச் சீமையில இருக்கவன் பூராவும் வருசத்துல ஒரு தடவ இங்கன குளிக்க வருதான். குளிச்சா பசிக்கும். என்னைக்காவது ஒரு நாள் அந்தப் பய இந்தப் பெஞ்சில வந்து உக்காருவாம்லே. அவன் மூஞ்சி எனக்குத் தெரியும், அண்ணன் சாயல் எங்க போகும்? என் மூஞ்சி அவனுக்குத் தெரியாது. ஒரு வாய் தின்னுட்டாம்னா, அப்புறம் அருவாள வச்சு அவன் தேங்காதான் வெட்டணும்" என்றார்.

மதினி அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே, "திங்கதுக்கு முன்னால உங்க பேரக் கேட்டாம்னா?" என்றார்கள். அவர் ஒழுகுகிற கீற்றைச் சரிசெய்ய எழுந்து போனார். சீசன் முழுக்க அந்த அம்மாள் வாசலில் நுழைகிற ஒவ்வொரு இளவட்டத்தின் முகத்தையும் உற்றுப் பார்ப்பதன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அவன் வந்தது ஆடி மாதத்தில், அருவி கறுத்து விழுந்த ஒரு நாள். நான் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். இரண்டு கூட்டாளிகளோடு, தலை துவட்டாமல், உதடு நீலம் பாரித்து உள்ளே வந்தான். துண்டில் சுற்றிய எதையோ பெஞ்சின் மேல் வைத்தான். இரும்பு பலகையில் தட்டுகிற சத்தம் கேட்டது. லாரிக்காரன் காதுக்கு இரும்புச் சத்தம் தப்பாது. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். சோற்றுச் சட்டியோடு வந்தவர் நடுவழியில் அப்படியே நின்றுவிட்டார். அடுப்படியில் மதினி கையிலிருந்து அகப்பை விழுந்தது. யாரும் எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அண்ணாச்சி நடந்து வந்தார். அன்றைக்கு அவர் வையவில்லை. இலையில் தண்ணீர் தெளித்து, சோற்றை அள்ளி வைத்தார். குழம்பை ஊற்றினார். ஈரலாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டார். அந்தப் பயல் குனிந்த தலை நிமிராமல் பிசைந்து, முதல் உருண்டையை வாயில் போட்டான். என் வாழ்க்கையில் நான் எத்தனையோ விபத்துப் பார்த்திருக்கிறேன், பிரேக் பிடிக்காத லாரியைப் புளியமரத்தில் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். ஒருவன் சோற்றை விழுங்குவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது அன்றைக்குத்தான். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தப் பயல் மறுசோறு வாங்கினான். ரசம் வாங்கினான். இலையை வழித்துத் தின்றான். கை கழுவிவிட்டு வந்து, "நல்லா இருந்துது அண்ணாச்சி" என்றும் சொன்னான்.

அதோடு விட்டிருந்தால் அவன் பாட்டுக்கு ஊருக்குப் போயிருப்பான். ஆனால் அண்ணாச்சி ஜெயித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஜாதி இல்லை. இத்தனை வருஷம் காத்திருந்தவருக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மதினி பின்னால் வந்து வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். அவர் உதறிவிட்டார்.

"எங்கலே கை நனைச்சிருக்கன்னு தெரியுமா?" என்றார். "ஒங்கண்ணன மடையில சாச்சவன் கடையிலலே. ஈரல் ருசியா இருந்துதா?"

அந்தப் பயல் முகம் இரத்தம் சுண்டி வெளுத்துப் போனது. பிறகு வெளியே ஓடினான். சாக்கடை ஓரத்தில் முழங்கால் போட்டு, விரலைத் தொண்டைக்குள் விட்டான். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம். சோறு வந்தது, கறி வந்தது, ரசம் வந்தது. வந்த பிறகும் விடவில்லை. மறுபடி மறுபடி விரலை விட்டுக் குடைந்தான். கடைசியில் மஞ்சளாய்ப் பித்தம் வந்தது, அதில் இரத்தமும் கலந்து வந்தது. மழைத் தண்ணீரை வாங்கி வாயைக் கொப்புளித்துத் துப்பிவிட்டு, உள்ளே வந்து துண்டைப் பிரித்தான். புது அரிவாள்.

"கணக்குச் சரியாப் போச்சு. ஒரு பருக்கை கூட உள்ள இல்ல" என்றான்.

நான் பெஞ்சைத் தூக்கினேன். அவன் கூட்டாளிகளில் ஒருத்தனுக்குத் தோள்பட்டையில் விழுந்த அடியில் எலும்பு முறிந்த சத்தம் வெளியே கேட்டிருக்கும். இன்னொருத்தன் பின்னாலிருந்து என் கழுத்தைச் சுற்றித் தொங்கினான். அவனையும் இழுத்துக்கொண்டுதான் நடந்தேன், அப்படி நடக்க முடிந்தவன் நான், ஆனாலும் அடுப்பு வரை போய்ச் சேர முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு மழையில் ஓடினார்கள். மதினி கொதிக்கிற வடிகஞ்சியைச் சட்டியோடு வீசினார்கள். அது அந்தப் பயலின் முதுகில் பட்டு, சட்டையோடு தோல் உரிந்து வந்தது. அவன் கத்தவில்லை. அரிவாளை இறக்கவும் இல்லை. அண்ணாச்சி விறகுக் கட்டை எடுத்து ஒரு அடி அடித்தார். அரிவாள் கட்டையைப் பிளந்துகொண்டு போயிற்று. கால் வழுக்கி அடுப்பின் ஓரம் விழுந்தார். கழுத்து இல்லாத மனிதருக்கு அன்றைக்கு நன்றாகவே கழுத்து தெரிந்தது. வெட்ட வேண்டியதுதான் பாக்கி.

அண்ணாச்சி படுத்த வாக்கிலேயே, "கக்கிட்டா போயிருமாலே? நல்லா இருந்துதுன்னு ஒன் வாயால சொன்னீல்லா, அதக் கக்கு பாப்போம்" என்றார்.

ஓங்கிய அரிவாள் நின்றது. அழுதான் என்று நினைக்கிறேன், மழைத் தண்ணீரும் சேர்ந்து வழிந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு அண்ணாச்சியின் வலது கை மணிக்கட்டைக் காலால் மிதித்துத் தரையோடு அழுத்தினான்.

"உசிரு ஒனக்கு. சோறு போட்ட கை எனக்கு" என்றான்.

ஒரே வெட்டு. அந்தச் சத்தத்தை எழுத எனக்குப் படிப்புப் போதாது. அரிவாளை அங்கேயே போட்டுவிட்டு, உரிந்த முதுகோடு மழைக்குள் நடந்து போனான். அவனைப் பிடிக்க எவனும் குறுக்கே போகவில்லை. மதினி சேலையைக் கிழித்துக் கட்டினார்கள். அண்ணாச்சியை என் லாரியில் எலுமிச்சை மூட்டை மேல் படுக்க வைத்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டின ஓட்டத்தை இன்றைக்கு ஒரு டிரைவரும் ஓட்ட மாட்டான்.

போலீஸ் வந்து கேட்டபோது விறகு வெட்டுகையில் அரிவாள் தவறிவிட்டது என்றார் அண்ணாச்சி. "வலது கைக்காரன் வலது கைய எப்படி வேய் வெட்டிக்கிட்டீரு?" என்று ஏட்டு கேட்டார். "இடது கை பழகுதேன் ஏட்டய்யா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. கடையில் இருந்தவர்களும் அருவிக்குப் போயிருந்ததாகச் சொல்லிவிட்டார்கள். நானும் ஒன்றும் பார்க்கவில்லை என்றேன்.

அடுத்த சீசனுக்கும் கொட்டகை போட்டார்கள். மதினிதான் பரிமாறினார்கள். அண்ணாச்சி அடுப்போரம் உட்கார்ந்து, துண்டால் மூடிய கையோடு வருகிறவன் போகிறவனை வைதுகொண்டிருப்பார். ஒரு நாள் கூட்டம் நெருக்கியபோது பொறுக்காமல் எழுந்து இடது கையால் ஒருவருக்குச் சோறு போட்டுவிட்டார். அந்த ஆள் இலையைத் தூக்கி அவர் நெஞ்சிலேயே எறிந்துவிட்டு எழுந்து போனான். இடது கையால் போட்ட சோற்றை மானமுள்ளவன் தின்ன மாட்டான் என்பது அவருக்குத் தெரியாததா? நெஞ்சில் ஒட்டிய பருக்கைகளைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். கரண்டியால் பல்லை உடைத்த மனிதர் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, அந்தப் பயல் அன்றைக்கே அந்த வெட்டைக் கழுத்தில் போட்டிருக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது. "இந்த வருசத்தோட கொட்டகையப் பிரிச்சிருவோம் தம்பி" என்று மதினி என்னிடம் சொன்னார்கள்.

அந்தச் சீசன் முடிகிற நேரத்தில், அருவி வெளுத்து மெலிந்த ஒரு மத்தியானத்தில், அவன் தனியாக வந்தான். குளித்த ஈரம் சொட்டியது. துண்டு தோளில் கிடந்தது, அதற்குள் ஒன்றும் இல்லை. நான் அடுப்படியில் கிடந்த உலக்கையைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, தானே ஒரு இலையை எடுத்து விரித்துத் தண்ணீர் தெளித்தான். மதினி சோற்றோடு போனார்கள். அவன் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டான்.

"நீங்க வேண்டாம். அவரு வைக்கட்டும்" என்றான்.

அண்ணாச்சி அடுப்போரத்தில் இருந்தபடியே, "எனக்கு வலது கை இல்லலே" என்றார்.

"தெரியும். இருக்க கையால வைங்க."

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். அண்ணாச்சி எழுந்து வந்தார். இடது கையால் சோற்றை அள்ளினார். பழகாத கை, பாதிச் சோறு பெஞ்சில் சிந்தியது. அவன் சிந்தியதைக் கூட்டி எடுத்து இலையில் போட்டுக்கொண்டான். குழம்பு வாங்கினான். கறி வாங்கினான். சாப்பிட்டான். அண்ணாச்சி கையெல்லாம் குழம்பு ஒட்டியபடி எதிரே நின்று, ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "கக்கணும்னா சாக்கடை அந்தப் பக்கம் இருக்கு" என்றார். அவன், "ரசம் ஊத்துங்க" என்றான்.

இலையை மூடிவிட்டு எழுந்து போய், கை கழுவுகிற தொட்டியில் செம்பால் மொண்டு தன் கையைக் கழுவினான். ஒற்றைக் கைக்காரர் தன் கையைத் தானே கழுவ முடியாது, யாராவது தண்ணீர் விட வேண்டும். அத்தனை நாளும் மதினிதான் விடுவார்கள். அவன் மறுபடி செம்பை நிறைத்து, ஏந்திக்கொண்டு நின்றான். அண்ணாச்சி அவன் முகத்தைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். பிறகு மிஞ்சி இருந்த அந்தக் கையை நீட்டினார்.